அப்பன் வீட்டு வரிசை எண்

2025 நவம்பரில் ஒரு மாலை எங்கள் தெருவுக்கு வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தப் படிவம் வந்தது. கொண்டுவந்தவர் ஓர் அங்கன்வாடி ஊழியர். பகலெல்லாம் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டுவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் படிவக் கட்டோடு வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். போத்தனூரில் எங்கள் தெரு ஆண்கள் பெரும்பாலும் நின்றபடியே அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார்கள். பெண்கள் உட்கார வேண்டியிருந்தது.

காரணம், படிவத்தில் இருந்த ஒரு கேள்வி. 2002, 2005 ஆண்டுகளில் நடந்த முந்தைய தீவிரத் திருத்தப் பட்டியலில் உங்கள் பெயர் எந்தத் தொகுதியில், எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருந்தது? உங்கள் பெயர் இல்லையென்றால் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி இவர்களில் ஒருவர் பெயர் எங்கே இருந்தது? பிறந்த ஊரிலேயே வாழும் ஆணுக்கு இதற்கான விடை அநேகமாக அதே வீட்டில் இருக்கும். கல்யாணமாகி வந்த பெண்ணுக்கு வேறு ஊரில், வேறு தொகுதியில், சில சமயம் வேறு மாநிலத்தில் இருக்கும். கணவர் பெயரோ மாமனார் பெயரோ அந்தக் கட்டத்தில் செல்லாது.

எதிர்வீட்டு அக்கா படிவத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அவர் கணவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2002இல் அவர்கள் ஷொரணூரில் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். அங்கே தன் பெயரைச் சேர்த்தார்களா என்பது அக்காவுக்குத் தெரியாது. பட்டியலோ மலையாளத்தில்.

“ஏனம்மிணி, இருவது வருசமா இந்த ஊர்லதான் ஓட்டுப் போடறேன். இப்ப வந்து அப்பன் ஊட்டு நெம்பர் கேக்கறாங்களே” என்றார்.

“உக்காருங்கக்கா, பாக்கலாமுங்க” என்றேன். என் படிவமும் பாதியில்தான் நின்றிருந்தது. 2002இல் நான் கல்யாணமாகாத ஆராய்ச்சி மாணவி. என் பெயர் கோபிப் பக்கத்துக் கிராமத்தில் அப்பா பெயருக்குக் கீழே இருந்தது. அந்த வீட்டை விற்றுப் பத்து வருடமாகிறது.

அந்த மாலைதான் இந்தக் கட்டுரைக்குத் தொடக்கம். தேர்தல் வந்தால் கல்லூரியில் சக ஆசிரியர்கள் என்னிடம் கேட்பது வழக்கம்: “உங்க போத்தனூர் இந்தத் தடவை எந்தப் பக்கம்?” கேட்டவர்களே பதிலும் சொல்வார்கள். ரயில்வே ஆட்கள் இருக்கும் இடம், அதனால் சிவப்பு. முஸ்லிம் ஓட்டு இவ்வளவு, கிறித்தவர் ஓட்டு இவ்வளவு, கவுண்டர் ஓட்டு இவ்வளவு. கடைசியில் சிரிப்போடு ஒரு வரி: “லேடீஸ் ஓட்டு எப்பவும் ரெட்டெலைக்குத்தானுங்க.” சாதிக்கும் மதத்துக்கும் தொழிலுக்கும் கணக்குப் போடுகிறவர்கள், ஊரில் பாதிப்பேரை இந்த ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

குடவோலை பாடம் நடத்தும் ஒவ்வொரு ஆண்டும் எனக்கு இது நினைவுக்கு வரும். பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம். நிற்பவருக்குச் சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள், வேதம் அறிந்திருக்க வேண்டும். ஆயிரம் ஆண்டு முன்பே மக்களாட்சி என்று பெருமை பேசிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவதுதான் வழக்கம். ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, “பொம்பளைங்க ஓலையில பேரு எழுதுவாங்களா மேம்?” என்று கேட்டாள். அதன்பிறகு அந்தப் பாடத்தை அவ்வளவு சுலபமாக முடிக்க முடிந்ததில்லை.

பெண்ணின் பெயர் பட்டியலில் ஏறிய கதை மெதுவான கதை. 1921இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் பெண் என்ற காரணத்தால் வாக்கு மறுக்கக் கூடாது என்று தீர்மானித்தது. ஆனால் சொத்துத் தகுதி அப்படியே இருந்ததால், சொந்தப் பெயரில் சொத்துள்ள சிலருக்கே அது பயன்பட்டது. 1935 சட்டம் கொஞ்சம் கதவைத் திறந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த பெண் வரலாம். சொத்துத் தகுதியுள்ளவரின் மனைவி என்ற முறையிலும் வரலாம். கணவன் வழியாக வாக்குரிமை என்ற ஏற்பாடு சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது.

சுதந்திரத்துக்குப் பின் 21 வயதான எல்லோருக்கும் வாக்கு வந்தது. 1951-52 முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, வட மாநிலங்களில் ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய அம்மா என்றே எழுதச் சொன்னார்கள். அப்படிப் பதிவான பெயர்களை ஏற்க முடியாது என்று தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். பெண் தன் பெயரால் வாக்காளராக வேண்டும் என்ற நெறி சரியானது. அதற்கான விலையைக் கொடுத்தவர்களும் பெண்களே.

இனி போத்தனூர். கோவைக்கு ரயில் வருமுன்பே போத்தனூருக்கு வந்துவிட்டது. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை பேப்பூருக்குப் போட்ட பாதை 1862இல் இவ்வழியே சென்றது. 1873இல் மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப் பாதை போட்டபோது கோவை அந்தக் கிளையில் ஒரு நிலையம் ஆனது. சந்திப்பு போத்தனூர்தான். பணிமனை, குவார்ட்டர்ஸ் வரிசைகள், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், தேவாலயங்கள், மலையாளமும் தெலுங்கும் கலந்த தெருப்பேச்சு எல்லாம் அந்தச் சந்திப்பைச் சுற்றி வளர்ந்தவை. 1921 நவம்பரில் திரூரிலிருந்து மாப்பிளைக் கிளர்ச்சிக் கைதிகளை அடைத்து வந்த காற்றுப் புகாத சரக்குப்பெட்டியின் கதவைத் திறந்ததும் இங்கேதான். மூச்சு முட்டி இறந்தவர்கள், பிறகு இறந்தவர்களையும் சேர்த்து, 70 பேர்.

வந்து சேர்ந்தவர்களின் ஊர் என்பதால், ஊர்ப் பெரியவர் சொன்னால் ஊரே கேட்கும் கிராமத்துக் கட்டு இங்கே குறைவு. அந்த இடத்தில் சங்கம் இருந்தது. பக்கத்தில் கோவையின் பஞ்சாலைகள், இங்கே ரயில்வே. கோவை மக்களவைத் தொகுதி 1957இல் பார்வதி கிருஷ்ணனைத் தேர்ந்தெடுத்தது. குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, கம்யூனிஸ்ட் கட்சிக்கும் தொழிற்சங்கத்துக்கும் வந்தவர். 1962இல் அந்த இடம் காங்கிரசுக்குப் போனது. 1967இல் மார்க்சிஸ்ட் கட்சியின் கே. ரமணி, 1971இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பாலதண்டாயுதம். அவர் 1973 விமான விபத்தில் இறந்தபின், 1974 இடைத்தேர்தலிலும் 1977 பொதுத்தேர்தலிலும் மீண்டும் பார்வதி கிருஷ்ணன். அவருக்குப்பின் கோவையிலிருந்து இன்னொரு பெண் மக்களவைக்குப் போகவில்லை.

“ரயில்வே ஏரியா, அதனால் சிவப்பு” என்ற வாசகம் அந்த ஆண்டுகளில் பிறந்தது. சங்கத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் ஆண்கள், ஆகவே சிவப்பு அவர்களுடையது என்றே வரலாறு எழுதப்பட்டது. 1974 மே மாதம் நாடு முழுவதும் சுமார் 17 லட்சம் ரயில்வே தொழிலாளர்கள் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆண்கள் கைதாகியும் தலைமறைவாகியும் போனபோது பல ரயில்வே காலனிகளில் போலீஸ் வந்து கதவைத் தட்டியது வீட்டிலிருந்த பெண்களிடம்தான். குவார்ட்டர்ஸைக் காலி செய் என்ற மிரட்டலைக் கேட்டதும், சம்பளமில்லாத மாதத்தில் அடுப்பெரித்ததும் அவர்கள்தான். அந்தப் பெண்கள் அடுத்த தேர்தலில் என்ன நினைத்து வாக்களித்தார்கள் என்று கேட்டு எழுதியவர் இல்லை. ‘ரயில்வே ஓட்டு’ என்ற சொல்லுக்குள் அவர்களும் அடங்கிவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

1980இல் அதே கோவைத் தொகுதி திமுகவுக்குப் போனது. பிறகு மூன்று முறை காங்கிரசுக்கு. 1996இல் மறுபடி திமுகவுக்கு. அதன்பின் வந்தது 1997 நவம்பர். போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொலை, அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்களின் சாவு, 1998 பிப்ரவரி 14இல் தொடர் குண்டுவெடிப்பில் 58 பேரின் சாவு. நான் அப்போது கோவையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். கேட்டைப் பூட்டிவிட்டார்கள். எஸ்டிடி பூத்துக்குப் போகக்கூட விடவில்லை. அறைத்தோழி ஒருத்தியின் வீடு கோட்டைமேட்டில். இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அவள் அப்பா வந்து அழைத்துப் போனார். அவள் திரும்பவில்லை. அந்த வருடம் படிப்பு நின்றுபோன பெண்களின் கணக்கை எந்த ஆணையமும் எடுக்கவில்லை.

அந்தத் தேர்தலில் பாஜகவின் சி.பி. ராதாகிருஷ்ணன் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் அதிக வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 1999இல் நல்லகண்ணுவைத் தோற்கடித்து மீண்டும் வென்றார். கோவை இனி இந்துத்துவக் கோட்டை என்று எழுதினார்கள். 2004இல் அதே தொகுதியில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சுப்பராயன் ஒன்றரை லட்சத்துக்கும் அதிக வித்தியாசத்தில் அவரைத் தோற்கடித்தார். உடனே கோவை மறுபடி சிவப்பு என்றார்கள்.

கூட்டணியைச் சேர்த்துப் பார்த்தால் இந்தத் தாவல்கள் பாதி விளங்கும். 1998இல் பாஜகவோடு இருந்தது அதிமுக, 1999இல் திமுக. 2004இல் திமுக எதிரணிக்குப் போய்விட்டது. மீதிப் பாதியை விளக்கக் கோட்டை என்ற சொல் போதாது. கலவரத்துக்குப்பின் முஸ்லிம் குடும்பங்கள் கரும்புக்கடை, குனியமுத்தூர், போத்தனூர் பக்கம் கூடி வாழத் தொடங்கினார்கள். இந்துக் குடும்பங்களும் தெரு பார்த்து வீடு தேடினார்கள். பயம் வாக்கைத் திருப்பியது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தப் பயத்தை வீட்டுக்குள் சுமந்தவர்கள், பிள்ளையை எந்தப் பள்ளிக்கு எந்த வழியாக அனுப்புவது என்று தினமும் முடிவெடுத்தவர்கள் பெண்கள். 1998க்கும் 2004க்கும் நடுவில் அவர்கள் மனம் மாறியிருந்தால், அதற்கு அவர்களிடம் சொந்தக் காரணம் இருந்திருக்கும் என்று ஏன் தோன்றவில்லை?

2008 தொகுதி மறுவரையறை போத்தனூரை இன்னொரு விதமாக இடம் மாற்றியது. குறிச்சி நகராட்சி கிணத்துக்கடவு சட்டமன்றத் தொகுதிக்குள் போக, அதோடு போத்தனூரின் பெரும்பகுதியும் பொள்ளாச்சி மக்களவைத் தொகுதிக்குப் போனது. 2011இல் குறிச்சி கோவை மாநகராட்சியோடு இணைந்தது. ஆக, குடிநீருக்கும் குப்பைக்கும் கோவை, பாராளுமன்றத்துக்குப் பொள்ளாச்சி. தென்னந்தோப்புக்காரரின் தொகுதியில் ரயில்வே தெருக்காரர். பொள்ளாச்சியிலிருந்து இன்றுவரை ஒரு பெண்கூட மக்களவைக்குப் போனதில்லை.

2019 தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு பொள்ளாச்சிப் பாலியல் வன்கொடுமைகள் வெளியே வந்தன. ஏப்ரலில் அந்தத் தொகுதி அதிமுகவிடமிருந்து திமுகவுக்குப் போனது. ‘பெண்கள் தண்டித்துவிட்டார்கள்’ என்று நாங்கள் பேசிக்கொண்டோம். நானும் ஒரு கூட்டத்தில் அப்படியே பேசினேன். 2021 சட்டமன்றத் தேர்தலில் பொள்ளாச்சி, கிணத்துக்கடவு உட்படக் கோவை மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளையும் அதிமுக கூட்டணி வென்றது. மறு ஆண்டே, 2022 பிப்ரவரியில், கோவை மாநகராட்சியின் 100 வார்டுகளில் 96ஐத் திமுக கூட்டணி பிடித்தது. பெண்கள் தண்டித்தார்கள், பிறகு மறந்தார்கள், பிறகு திருந்தினார்கள் என்று கதை கட்டுவது, ‘லேடீஸ் ஓட்டு ரெட்டெலைக்கு’ என்பதிலிருந்து அதிக தூரம் போனதல்ல. பெண்ணை ஒரே மனமாகப் பார்க்கும் பழக்கம் எனக்குள்ளும் இருந்தது.

இன்னொரு எண்ணைப் பாருங்கள். கிணத்துக்கடவில் 2016, 2021 இரண்டு தேர்தல்களிலும் வென்றவருக்கும் அடுத்தவருக்கும் இடையே வித்தியாசம் 1,500க்கும் குறைவு. நம் பகுதியின் சில தெருக்களில் இருக்கும் பெண்கள் அளவுதான். ஒரு கட்சியின் கோட்டை என்று யார் சொன்னாலும் நம்ப முடியாத அளவுக்குச் சிறிய எண் அது. வீட்டில் சொன்ன சின்னத்துக்கும் மறைப்புக்குப் பின்னால் அழுத்திய சின்னத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு தொகுதியைத் தீர்மானிக்கப் போதும்.

அந்த மறைப்பைப் பற்றியும் ஒரு சொல். வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணும் வழக்கம் இருந்தது. தமிழ்நாட்டில் 2001 சட்டமன்றத் தேர்தலில் வாக்குப்பதிவு இயந்திரம் எங்கும் வந்தபின், ஒவ்வொரு சாவடியின் கணக்கும் தனித்தனியாகப் படிவம் 20இல் வெளிவருகிறது. எந்தத் தெரு எந்தச் சின்னத்துக்கு எத்தனை போட்டது என்று கட்சிக்காரர் கையில் அச்சாகி இருக்கிறது. பல இயந்திரங்களின் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008லேயே முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015 அறிக்கையில் அதைப் பரிந்துரைத்தது. இன்னும் வரவில்லை. ஒரு சாவடியில் ஒரு சமூகம் மட்டும் நிறைந்திருந்தால், அந்தத் தெருவுக்குத் தார் போடாமல் விடவும், ‘உங்க ஆளுங்க எங்களுக்குப் போடலையே’ என்று தண்ணீர் கேட்கப் போன பெண்ணிடம் சொல்லவும் இந்த அச்சு போதும். தண்ணீருக்கும் ரேஷனுக்கும் போய் நிற்பவள் அவளாக இருக்கும்போது, தெருவின் வாக்குக்குப் பதில் சொல்ல வேண்டியவளும் அவளாகிறாள்.

பிரதிநிதித்துவத்திலும் இதே போக்கு. போத்தனூரின் ஆங்கிலோ இந்தியர்களுக்குச் சட்டமன்றத்தில் இருந்த ஒரே நியமன இடத்தில் கடைசியாக இருந்தவர் ஒரு பெண், நான்சி ஆன் சிந்தியா ஃபிரான்சிஸ். 2020இல் அரசியல் சட்டத் திருத்தத்தால் அந்த ஏற்பாடு முடிந்தது. 2022இல் நகராட்சி அமைப்புகளில் பெண்களுக்குப் பாதி இடம் வந்தது. கோவைக்கு முதல் பெண் மேயர் கிடைத்தார். ஆனால் தமிழ்நாட்டில் எந்த வார்டுக்குப் போனாலும் ‘கவுன்சிலர் வீட்டுக்காரர்’ என்று ஒருவரை அறிமுகப்படுத்துவார்கள். 1935 சட்டத்தின் ‘மனைவி வழி’ இப்போது திசை மாறிக் ‘கணவன் வழி’ நடக்கிறது.

மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை, கட்டணமில்லாப் பேருந்து, அதற்கு முன்பு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி இவற்றைச் சொல்லி, பெண்கள் வாக்கை விற்றுவிட்டார்கள் என்று பேசுகிறார்கள். சங்கத்து ஆள் போனஸுக்காக வாக்களித்தால் அது வர்க்க உணர்வு. தோப்புக்காரர் இலவச மின்சாரத்துக்காக வாக்களித்தால் அது விவசாயி நலன். பேருந்துக் காசு மிச்சமாகிறது என்று வீட்டுவேலைக்குப் போகும் பெண் வாக்களித்தால் மட்டும் அது இலவச மோகம். இந்தச் சொல் வேறுபாட்டை என் மாணவிகளிடம் கவனிக்கச் சொல்கிறேன். வாக்கு என்ற சொல்லுக்கு நம் மொழியில் பேச்சு என்றுதான் முதல் பொருள். அவள் சொன்னது பேச்சாகக் கணக்கில் வருகிறதா, முணுமுணுப்பாகவா என்பதே கேள்வி.

இப்போது அந்த வாக்குக்கே ஒரு வரிசை எண் கேட்கிறார்கள். 2025 டிசம்பரில் வெளியான வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தவர், இருமுறை பதிவானவர், இடம் மாறியவர் என்று காரணம் சொன்னார்கள். அவற்றில் இடம் மாறியவரே மிகுதி. போலிப் பெயர்களை நீக்க வேண்டியதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் இடம் மாறுவது ஆணுக்கு ஒரு நிகழ்ச்சி. நம் சமூகத்தில் பெண்ணுக்கு அதுவே விதி. பிறந்த வீட்டில் அப்பா பெயரோடு எழுதுகிறோம். கல்யாணமானதும் அதை அடித்துவிட்டுக் கணவர் பெயரோடு எழுதுகிறோம். இருபது வருடம் கழித்து, பழைய அப்பா வீட்டு எண்ணைக் கொண்டுவா என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எழுதுகோல் வேறொருவர் கையில் இருக்கிறது.

எதிர்வீட்டு அக்காவின் அப்பா 2002க்கு முன்பே இறந்துவிட்டார். தாராபுரம் பக்கத்துக் கிராமம். என் செல்பேசியில் பழைய பட்டியலைப் பக்கம் பக்கமாக நகர்த்தினோம். எழுத்து மங்கல். இரவு ஒன்பதரைக்குத்தான் கிடைத்தது. அப்பாவின் பெயர் அல்ல, அம்மாவின் பெயர். ஓர் எழுத்து பிழையாக, பக்கத்தில் இறந்துபோன கணவர் பெயரோடு, வயது 61 என்று போட்டு.

அக்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு சொன்னார்: “எங்கப்பன் கைச்சின்னம்னா உசுரு. ஊட்ல எல்லாரும் அதுக்குத்தான் போடோணும்பாரு. எங்கம்மா சரீங்கன்னு தலையாட்டிட்டுப் போகும். போயி என்னத்துக்குப் போட்டுச்சுன்னு சாகறவரைக்கும் ஒருத்தருகிட்டயும் சொல்லல.”

“உங்ககிட்டக்கூடவா?”

“எங்கிட்டயுந்தான்.”

அம்மாவின் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் படிவத்தில் எழுதினோம். உறவு என்ற கட்டத்தில் ‘தாய்’ என்று அக்கா தன் கையாலேயே எழுதினார். மறுநாள் காலை அங்கன்வாடி ஊழியர் வந்து வாங்கிக்கொண்டார். உங்கள் படிவத்தைக் கொடுத்துவிட்டீர்களா என்று அவரிடம் கேட்டேன். பிறந்த ஊர் உடுமலைப் பக்கம், தேட இன்னும் நேரம் கிடைக்கவில்லை என்றார். எங்கள் வீட்டுத் திண்ணையில் அவரை உட்காரவைத்து, செல்பேசியை எடுத்தேன்.